1/35 டைகர் டாங்கி: வாங்கிய கூடுதல் பாகங்களில் எதைப் பொருத்துவது, எதை விடுவது?

பித்தளைப்பித்தன் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டாங்கியான டைகர் 1-இன் ஆரம்பகால வகையை, டாமியா நிறுவனத்தின் 1/35 அளவு பிளாஸ்டிக் மாதிரித் தொகுப்பிலிருந்து கட்டத் தொடங்கியிருக்கிறேன். 1943 ஏப்ரலில் துனீசியாவில் பிரிட்டிஷ் படையிடம் சிக்கி, இன்று இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் நிற்கும் டைகர் 131-ஐப் போல அது அமைய வேண்டும் என்பது என் விருப்பம். இதற்கென போட்டோ எட்ச் தொகுப்பு (அமிலத்தால் அரித்தெடுத்த மெல்லிய பித்தளைப் பாகங்கள்), கடைந்தெடுத்த அலுமினியப் பீரங்கிக் குழல், ஒவ்வொரு கண்ணியாகக் கோக்கும் வெள்ளை உலோக டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை), ரெசினில் வார்த்த ஸிம்மரிட் தகடுகள் ஆகியவற்றை வாங்கியிருக்கிறேன். இவற்றை எந்த வரிசையில் பொருத்துவது நல்லது? எட்ச் பாகங்கள் அத்தனையையும் பயன்படுத்தத்தான் வேண்டுமா?

உப்புத்தாள்:
ஸிம்மரிட் தகடுகளை அப்படியே எடுத்து வையுங்கள். காந்தக் கண்ணிவெடிகள் ஒட்டாமலிருக்கப் பூசப்பட்ட அந்தப் பசை, 1943 கோடையின் பிற்பகுதியில்தான் தொழிற்சாலையிலேயே டைகர்களின் மேல் பூசப்படத் தொடங்கியது. உங்கள் வண்டியோ அதற்குச் சில மாதங்கள் முன்பே பிடிபட்டுவிட்டது. டிராக்கையும் இதே கண்ணோடு பாருங்கள். கண்ணிகளின் முகப்பில் பனியில் வழுக்காமலிருக்க வார்க்கப்பட்ட கூர்வரிகள் இருந்தால், அவை 1943 இறுதியை ஒட்டிய வகையைச் சேர்ந்தவை. 131-க்கு வழவழப்பான முகப்புள்ள கண்ணிகளே பொருந்தும். கடையில் என்ன கிடைக்கிறது என்று பார்த்து வாங்குவதைவிட, வண்டியின் மாதத்தை முதலில் உறுதி செய்துகொண்டு, அந்த மாதத்துப் படங்களை முன்னால் வைத்துக்கொண்டு வாங்குவதே சரியான முறை.

அரமும்இடுக்கியும்:
எட்ச் தொகுப்பில் உள்ள எல்லாவற்றையும் ஒட்ட வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. எஞ்சின் மேல்தளத்துக் காற்றுத் துவாரங்களின் கம்பிவலை, பக்கவாட்டு மட்கார்டுகள், கருவிகளைப் பிடிக்கும் கொக்கிகள் ஆகிய மூன்றிலும் பித்தளையின் பயன் கண்ணுக்குத் தெரியும். மட்கார்டையே எடுத்துக்கொள்ளுங்கள்: 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் 1/35 அளவில் 35 மில்லிமீட்டர் கவசத்துக்குச் சமம், உண்மையான மட்கார்டோ மோதினால் நெளிந்துவிடும் மெல்லிய தகடு. ஆனால் உருண்டையான கம்பிக் கைப்பிடிக்குப் பதிலாகத் தட்டைப் பித்தளையை ஒட்டச் சொல்லும் தொகுப்புகளும் உண்டு. அந்த இடங்களில் செப்புக் கம்பியை வளைத்துக்கொள்வதே மேல்.

வளைக்க வேண்டிய பாகத்தை முதலில் மெழுகுவர்த்திச் சுடரில் நிறம் மாறும்வரை காட்டி, தானாக ஆறவிடுங்கள். பித்தளை இளகி, கூர்மையான மடிப்பும் விரிசலின்றி வரும். பிளாஸ்டிக் சிமென்ட் (பிளாஸ்டிக்கை ஒட்டும் பசை) பித்தளையைப் பிடிக்காது, ஆகவே சூப்பர் க்ளூவை ஊசிமுனையில் தொட்டு, விளிம்பில் ஓடவிட வேண்டும். ரெசின் பாகம் ஏதேனும் பயன்படுத்துவதாயிருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி, நீரில் நனைத்தே தேய்த்து, முகக்கவசமும் அணிந்துகொள்ளுங்கள்; அந்தத் தூள் நுரையீரலுக்கு நல்லதன்று.

பித்தளைப்பித்தன்:
நன்றி. பெட்டியிலுள்ள டிராக் கண்ணிகளில் கூர்வரிகள் இல்லை. ஸிம்மரிட்டை அடுத்த வண்டிக்கு வைத்துக்கொள்கிறேன். உலோக டிராக்கின் கனத்தைச் சக்கரங்கள் தாங்குமா என்பதே மிச்சமுள்ள ஐயம்.

உப்புத்தாள்:
தாங்கும், ஆனால் சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் கைகளையும் பின்புற ஐட்லரின் (டிராக்கை இழுத்துப் பிடிக்கும் கடைசிச் சக்கரத்தின்) அச்சையும் நன்றாக ஒட்டி, ஓரிரவு காயவிட்ட பிறகே டிராக்கை ஏற்ற வேண்டும். அந்தக் கனத்துக்காகத்தானே அதை வாங்குகிறோம்: மேல்பக்கம் சக்கரங்களின்மீது தொய்ந்து படியும் அந்தச் சாய்வு ரப்பர் போன்ற வினைல் டிராக்கில் தானாக வராது, கீழே இழுத்துக் கட்டவோ ஒட்டவோ வேண்டியிருக்கும். கண்ணிகளைக் கோத்ததும் வினிகரில் அலசி, உலர்த்தி, கருமையாக்கும் திரவத்தில் முக்கி எடுங்கள். பிறகு தரையில் உராயும் முகப்பை மட்டும் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்தால் வெள்ளி மினுக்கு வெளிப்பட்டுவிடும், தனியே பெயின்ட் அடிக்கத் தேவையில்லை.

அலுமினியக் குழலையும் கடைசிக்குத் தள்ளாதீர்கள். 88 மில்லிமீட்டர் வாய்க்கு உங்கள் அளவில் சுமார் 2.5 மில்லிமீட்டர் துளை வரும். அதன் நேர்த்தி தெரிய வேண்டுமானால் டரெட்டோடு (பீரங்கி பொருந்தும் சுழல் கூண்டோடு) சேர்த்துப் பார்த்து நேராக்கிய பின்னரே முழு வண்டிக்கும் பிரைமர் (அடிப்பூச்சு) அடியுங்கள். பித்தளை, அலுமினியம் இரண்டிலுமே பிரைமர் இல்லாமல் பெயின்ட் நகத்தோடு உரிந்து வரும்.