கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட்: கடைமடைக்கு வழியா, கிணத்துக்கு வினையா?

கடைமடைக்காரன்:
பவானிசாகர்ல இருந்து மங்கலப்பட்டி வரைக்கும் 200 கிலோமீட்டர் வாய்க்கால். ஈரோடு, திருப்பூர், கரூர் மூணு மாவட்டத்துல 2.07 லட்சம் ஏக்கர் பாயுது. 1950-கள்ல வெட்டின மண் வாய்க்காலை கான்கிரீட் போட்டுச் சீரமைக்க 2020-ல சுமார் 710 கோடிக்கு அரசாணை வந்துச்சு. அன்னைல இருந்து மேல்மடை ஒரு பக்கம், கடைமடை ஒரு பக்கம்னு ரெண்டுபட்டு நிக்கறோம்.

எங்க கட்சியைக் கணக்காவே வெக்கறேனுங்க. தலைமதகுல விநாடிக்கு 2,300 கன அடி, 120 நாள் விட்டா 24 டி.எம்.சி (ஒரு டி.எம்.சி-ன்னா நூறு கோடி கன அடி). முதல் போகத்துக்குப் பாதி ஆயக்கட்டு (வாய்க்கால்ல பாயற நிலம்), அதாவது 1,03,500 ஏக்கர். வகுத்தா ஏக்கருக்கு அஞ்சேகால் அடி உயரத்துக்குத் தண்ணி வருது. நெல்லுக்கு நாலடி தாராளம், அதுலயும் ஐப்பசி மழை ஒரு பங்கு குடுத்துரும். மிச்சம் ஒண்ணேகால் அடி கரையிலயும் தரையிலயும் போகுது. அது எங்களுக்கு வர வேண்டிய தண்ணி.

ஏத்தக்கிணறு:
அது எங்கேயும் போகலைங்கண்ணா. வாய்க்காலுக்குக் கீழ்க்கையில இருக்கற கிணத்துல ஊறுது, ஓடையில கசிஞ்சு ஓடுது, குட்டையில நிக்குது. கசிவுநீரை மட்டுமே நம்பிப் பாயற காடுக நிறைய இருக்கு. ஊர்க் குடிதண்ணிக் கிணறும் அதே ஊத்துலதான் நிக்குது. இன்னொண்ணு, வாய்க்கால்ல ரெண்டு போகமும் சேர்த்து எட்டு மாசத்துக்கு மேல தண்ணி வராது. சித்திரை, வைகாசியில தென்னையும் மாட்டுத்தீவனமும் பிழைக்கறது கிணத்தாலதான். ஆயிரம் அடி போர் போட்டும் புகை வர்ற நாடு இது. மேலால ஊறற தண்ணியை கான்கிரீட் போட்டு அடைச்சுட்டு, அப்புறம் நிலத்தடி நீர் செறிவூட்டல்னு தடுப்பணைக்குத் தனியா நிதி ஒதுக்கறது என்ன கொள்கைங்க?

மதகுக் கணக்கு:
ரெண்டு பேர் சொல்றதையும் அளந்து பார்க்கலாம். மண் வாய்க்கால்ல ஈரம்படற பரப்பு பத்து லட்சம் சதுர அடிக்கு விநாடிக்கு 8 கன அடி கசியும், கான்கிரீட் தளம் போட்டா 2 கன அடின்னு பொறியாளர்கள் வழக்கமா எடுத்துக்குவாங்க. 200 கிலோமீட்டர்னா 6.56 லட்சம் அடி. தலையில அகலம், கடைசியில குறுகல். ஈரம்படற சுற்றளவைச் சராசரியா 60 அடின்னு வெச்சுக்குவோம். மொத்தப் பரப்பு 3.9 கோடி சதுர அடி. மண்ணா இருந்தா 315 கன அடி கசியும், தளம் இருந்தா 80. மிச்சமாகறது 235 கன அடி, 120 நாளைக்கு 2.4 டி.எம்.சி. 2,300-ல இது பத்துல ஒரு பங்கு. கடைமடைக்காரர் சொல்ற ஒண்ணேகால் அடியில தளத்தால மிச்சமாகறது பாதிக்கும் குறைவு. மீதியில பெரும்பங்கு பகிர்மான வாய்க்கால்லயும், அதுல இருந்து காட்டுக்குப் பிரியற கொப்பு வாய்க்கால்லயும், மடையிலயும் போகுது.

தளம் போட்டா வர்ற வேறொரு சிக்கலை யாரும் பேசறதில்லை. கான்கிரீட் வழுவழுப்பு, தண்ணி வேகமா ஓடும். அதே அளவு தண்ணிக்கு மட்டம் இறங்கிரும். மண்ணுல 8 அடி ஓடினது, தளத்துல கிட்டத்தட்ட ஆறேமுக்கால் அடிதான் நிக்கும். மதகு எல்லாம் பழைய மட்டத்துக்கு வெச்சது. மதகுக் கண்ணுக்கு மேல 4 அடி நின்ன தண்ணி இரண்டேமுக்கால் ஆனா, அதே திறப்புல ஆறுல ஒரு பங்கு குறைச்சலாத்தான் இறங்கும். மதகை இறக்கி வெக்கணும், இல்லாட்டி குறுக்கு ரெகுலேட்டர் கட்டித் தண்ணியை ஏத்தி நிறுத்தணும். ரெண்டும் இல்லாம தளம் மட்டும் போட்டா, மேல்மடைக்காரர் ஷட்டரை உடைச்சு எடுப்பார். சண்டை இன்னும் பெருசாகும்.

கடைமடைக்காரன்:
மதகை மாத்தோணும்னா அதையும் திட்டத்துல சேர்க்கட்டும். வேண்டாம்னு நாங்க சொல்லலை. ஆனா அந்த 2.4 டி.எம்.சி கிணத்துல ஊறுதுன்னா, அதை மேல தூக்கற செலவையும் சொல்லுங்க. அது ஏழு கோடி கன மீட்டர் தண்ணி. 60 அடி ஆழத்துல இருந்து, நூத்துக்கு நாப்பது திறன்ல ஓடற மோட்டார்ல இறைக்க 85 லட்சம் யூனிட் கரண்ட் வேணும். 1990-ல இருந்து விவசாயத்துக்கு இலவச மின்சாரம், அதனால இந்தச் செலவு யார் கண்ணுக்கும் தெரியறதில்லை. சும்மா மட்டத்துல பாயற தண்ணியைக் கீழ இறக்கி, அரசாங்கச் செலவுல மறுபடி ஏத்தறோம். அப்படி ஏத்தறதும் ஆயக்கட்டுக்காரர் மட்டுமில்லை. கரையோரம் கிணறு வெட்டி ரெண்டு மைல், மூணு மைலுக்குக் குழாய் போட்டு ஆயக்கட்டுக்கு வெளிய கொண்டு போறாங்க. ஆயக்கட்டு நிலத்துக்குத்தான் தண்ணி உரிமைன்னு சட்டம் வெச்சிட்டு, கசிவுங்கற பேர்ல அதைக் கரைச்சுட்டோம்.

ஏத்தக்கிணறு:
குழாய் போட்டு வெளிய கொண்டு போறதைத் தடுக்கோணும், அதுல மாத்துக்கருத்து இல்லைங்க. அதுக்கு மோட்டாரைக் கழட்டோணும், வாய்க்காலை மூடறது வைத்தியமில்லை.

தளத்தோட ஆயுசையும் யோசிங்கண்ணா. இது சமமட்டத்துல வெட்டின வாய்க்கால். மேல்புறம் வெட்டு, கீழ்புறம் கொட்டின கரை. மழைக்காலத்துல மேல்புற மண்ணுல ஊத்து மட்டம் ஏறி நிக்கும். டிசம்பர்ல வாய்க்காலை நிறுத்தினதும் உள்ள தண்ணி வடியும், பின்னாடி இருக்கறது வடியாது. 4 அங்குல கான்கிரீட்டோட எடைக்குப் பின்னாடி பத்து அங்குலத் தண்ணி நின்னாப் போதும், பலகை தூக்கிரும். அதுக்குக் கீழ சல்லி வடிகாலும் அழுத்தம் விடற வால்வும் வேணும். வால்வு சேறு அடைச்சுட்டா வெச்சும் பிரயோசனமில்லை. ஒரு பலகை பெயர்ந்தா அந்தச் சந்துல தண்ணி பூந்து கரையை அரிக்கும். வெளிய ஈரம் காட்டாது, உடைஞ்சாத்தான் தெரியும். மண் கரைன்னா கசிவைப் பார்த்துட்டே மூட்டை அடுக்கிரலாம்.

வேலை செய்யற காலமும் கம்மி. ரெண்டாம் போகம் முடிஞ்சு மே மாசம் ஆரம்பிச்சா, ஆகஸ்ட் 15-க்குத் தண்ணி விடோணும். நூறு நாளைக்குள்ள தூர் வாரி, கரை திமிசு கட்டி, கான்கிரீட் போட்டு, ரெண்டு வாரமாச்சும் தண்ணி ஊத்தி ஆறப் போடோணும். கரை சரியா இறுகாம மேல போட்டா ஒரே வருசத்துல விரிசல்.

எள்ளுக்காடு:
ரெண்டு அண்ணன்மாரும் முதல் போகத்தையே பேசறீங்க. ரெண்டாம் போகத்துக்கு 12 டி.எம்.சி-தான், அதுவும் முறை வெச்சு, விட்டு விட்டு நனைக்கறது. கடலை, எள்ளு மாதிரி புன்செய்ப் பயிருக்குன்னுதான் அரசு உத்தரவே வருது. ஆனா அந்தப் போகத்துலயும் மேல்மடையில நெல்லு நடவு, கரும்பு, வாழை. ஒத்தைப்படை மதகு, இரட்டைப்படை மதகுன்னு மாத்தி விடற முறையே இதனால கெட்டுப்போச்சு. முறை இல்லாத நாள்ல மதகு மூடியிருக்குதான்னு பார்க்க லஸ்கர் (வாய்க்கால் காவல் ஆளுக) பத்தாது. கடலை பூ இறங்கற நேரத்துல ஒரு நனைப்பு தவறினா காய் பிடிக்கற ஊசி மண்ணுல இறங்காது, வெளைச்சல் பாதிதான். இதுக்குக் கான்கிரீட்டும் மருந்தில்லை, கசிவும் மருந்தில்லை. பூட்டுப் போட்ட ஷட்டர், ஒவ்வொரு பகிர்மான வாய்க்கால் தலைப்புலயும் அளவுகோல், பயிர் பார்த்து எழுதின அடங்கல் (ஊர்ப் பயிர்க் கணக்கு), இது மூணும் வேணும்.

மதகுக் கணக்கு:
அம்மிணி சொல்றது சரி. தளம் எங்க வேணும், எங்க வேண்டாம்னு மைல் வாரியாப் பிரிக்கலாம். மே மாசத்துல 1,000 அடி நீளத்துக்கு ரெண்டு முனையிலயும் மண் அணை போட்டு, மதகை அடைச்சு, தண்ணி நிரப்பி, மூணு நாள் மட்டம் பாருங்க. வெயில்ல ஆவியாகறது கால் அங்குலத்துக்குள்ள, அதைக் கழிச்சுரலாம். ஒரு நாளைக்கு 8 அங்குலம் இறங்கினா நான் போட்ட கணக்கோட சரியா வரும். 15 அங்குலம் இறங்கற சரளைப் பகுதிக்குத் தளம் போடலாம். 3 அங்குலம் இறங்கற களிமண் பகுதியில தளம் போட்டா பணத்துக்குக் கேடு. மதகு, பாலம், கொட்டின கரை இதுகளை முதல்ல கட்டோணும். தப்பிச்ச காசை கொப்பு வாய்க்காலுக்குக் குடுக்கலாம்.

கடைமடைக்காரன்:
சோதனைக்குச் சம்மதம். ஆனா அளவுகோல் படிக்கறப்போ மேல்மடை, கடைமடை ரெண்டு சங்கத்து ஆளும் நிக்கோணும்.

ஏத்தக்கிணறு:
அதோட கீழ்க்கையில அரை கிலோமீட்டருக்குள்ள இருக்கற கிணத்துத் தண்ணி மட்டத்தையும் போகம் தொடங்கறதுக்கு முன்னாடி, முடிஞ்ச பின்னாடி எழுதோணுங்க. அது இல்லாம எந்த மைலுக்கும் ஒத்துக்க முடியாது.

கடைமடைக்காரன்:
எழுதலாம். ஆனா ஒண்ணு தம்பி. கசிவு கம்மின்னு சோதனையில தெரிஞ்சா, 2,300 விட்டும் எங்களுக்கு வராத தண்ணி மேலயே எடுக்கப்படுதுன்னு ஆகுது. அப்போ மேல்மடை மதகுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை ரெண்டு சங்கத்துக்கும் பொதுவா வெக்க உங்க ஆளுக ஒத்துக்குவாங்களா?