பாப்பாக்கு 5 மாசம் ஆகப்போகுது, சோறு ஆரம்பிக்கலாமா, 6 மாசம் முடியட்டுமா?

திருப்பூர் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எம் பாப்பாக்கு இன்னிக்கு 140 நாள், 4 மாசம் 20 நாள். பொறந்தப்ப 2.8 கிலோ, போன வாரம் எடை போட்டப்ப 6.3 கிலோ. இதுவரைக்கும் தாய்ப்பால் மட்டும் தான், தண்ணி கூட குடுக்கல. பத்து நாளா ராத்திரி ஒரு மணி நேரத்துக்கு ஒருதடவ முழிச்சு அழறா, பால் குடுத்தா ரெண்டு நிமிஷம் குடிச்சுட்டு தூங்கிடறா, மறுபடி முழிக்கறா. நாங்க சாப்பிட உக்காந்தா தட்டையே பாக்கறா, வாய மெல்லற மாதிரி அசைக்கறா.

எங்க அத்தை (மாமியார்) "பால் பத்தல கண்ணு, பசில தான் அழுவுது, எம் பையனுக்கு 3 மாசத்துலயே ராகிக்கூழ் குடுத்தேன், அவன் நல்லா தான இருக்கான்"னு தினமும் சொல்றாங்க. கெட்ட எண்ணத்துல சொல்லலங்க, ராத்திரி 2 மணிக்கு எந்திரிச்சு வந்து பாப்பாவ தோள்ல போட்டுட்டு நடக்கறதே அவங்க தான். நேத்து மத்தியானம் நல்லா குழைஞ்ச சாதத்த ஒரு பருக்கை அளவு மசிச்சு பாப்பா நாக்குல வெச்சாங்க, நாக்க நீட்டி அப்படியே வெளிய தள்ளிட்டா, மோவாய்ல வழிஞ்சுது. மறுபடி வெச்சாங்க மறுபடி தள்ளிட்டா. "பழகிரும்"னாங்க. எனக்கு தான் மனசே கேக்கல.

இதுல இன்னொன்னு என்னன்னா நான் வேலைக்கு போகணும். பிரைவேட் கம்பெனி, 26 வாரம் லீவு, ஆனா டெலிவரிக்கு 3 வாரம் முன்னாடியே லீவு போட்டதால இன்னும் 3 வாரத்துல ஜாயின் பண்ணனும். அதுக்குள்ள சாப்பாடு பழக்கிட்டா அத்தைக்கும் ஈஸி எனக்கும் நிம்மதின்னு ஒரு பக்கம் தோணுது. டாக்டர் 6 மாசம் முடியட்டும்னு ஒரே வரில சொல்லி அனுப்பிட்டாங்க, ஏன்னு கேக்க முடியல, வெளிய அவ்ளோ கூட்டம். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ரெண்டு புள்ள அம்மா (மதுரை):

தங்கச்சி, பொறுங்க. பால் பத்தலன்னு யாரு சொன்னாலும் மொதல்ல ரெண்டு விஷயம் பாருங்க, எடை ஏறுதா, ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல நல்லா ஒண்ணுக்கு போகுதா. உங்க பாப்பா பொறந்த எடைய போல ரெண்டு மடங்குக்கு மேலயே ஏறியிருக்கா. பால் பத்தாத புள்ள இப்படி ஏறாது.

ராத்திரி முழிக்கிறது பசியாவே இருக்கணும்னு இல்ல. நாலு நாலரை மாசத்துல தூக்கமே மாறும், எம் பசங்க ரெண்டு பேரும் அந்த நேரத்துல தான் என்னைய தூங்க விடாம பண்ணானுங்க. மூத்தவனுக்கு நானும் பசின்னு நெனச்சு 4 மாசத்துல பிஸ்கட்ட வெந்நில கரைச்சு குடுக்க ஆரம்பிச்சேன், வீட்ல எல்லாரும் குடுக்க சொன்னாக, எனக்கும் அப்ப ஒண்ணும் தெரியாது. தூக்கம் துளி கூட மாறல. பத்தாவது நாள் வயித்தால போக ஆரம்பிச்சுது, ஒரே ராத்திரில ஒம்போது தடவ. காலைல பாத்தா கண்ணு உள்ள போயிருச்சு, அழுதா கண்ணீர் வரல, உச்சிக்குழி பள்ளமா இருந்துச்சு. தூக்கிட்டு ஓடுனோம், மூணு நாள் ட்ரிப்ஸ். அந்த சின்ன கையில ஊசி குத்த நரம்பு கெடைக்காம ரெண்டு நர்ஸ் தேடுனது இன்னும் என் கண்ணுலயே நிக்குது. பாட்டிலு சரியா கழுவலயா, தண்ணி சரியில்லையான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, ஆனா தாய்ப்பால் மட்டும் குடுத்திருந்தா அந்த தண்ணியும் பாட்டிலும் உள்ளயே வந்திருக்காதுல்ல.

ரெண்டாவதுக்கு 6 மாசம் முழுசா முடிச்சு தான் ஆரம்பிச்சேன். சித்திரை வெயில்ல கூட அவனுக்கு தனியா தண்ணி குடுக்கல, நான் தான் செம்பு செம்பா குடிச்சேன்.

பொறுமையான அம்மா (சேலம்):

ஒண்ணே ஒண்ணு சேத்துக்கறேன், உங்க பாப்பா எத்தன வாரத்துல பொறந்தாங்கன்னு நீங்க சொல்லல. எம்பொண்ணு 34 வாரத்துல பொறந்தா. அவளுக்கு காலண்டர் படி 6 மாசம் ஆனப்ப கழுத்தே இன்னும் முழுசா நிக்கல. குறைமாசத்துல பொறந்தவங்களுக்கு டெலிவரி தேதிலருந்து எண்ணாம, டாக்டர் குறிச்ச டியூ டேட்ட வெச்சு வயச கழிச்சு பாக்கணும்னு எங்க டாக்டர் சொன்னாங்க, அதோட கழுத்து நிக்குதா, எடை எப்படி இருக்குன்னு ஒவ்வொரு தடவையும் பாத்து தான் எப்ப ஆரம்பிக்கறதுன்னு முடிவு பண்ணாங்க. இரும்புச்சத்து சொட்டு மருந்து மட்டும் அதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சுட்டாங்க. அதனால மத்தவங்க நாள் கணக்க பாத்து யாரும் அப்படியே பண்ணாதீங்க.

திருப்பூர் அம்மா:

39 வாரம் அக்கா, நார்மல் டெலிவரி. ஒண்ணுக்கு எட்டு தடவ போறா, நேத்து எண்ணி பாத்தேன்.

அங்கன்வாடி டீச்சர் (ஓய்வு, தஞ்சாவூர் பக்கம்):

அம்மாடி, 31 வருஷம் அங்கன்வாடில இருந்துட்டு ரிட்டயர் ஆனவ நான், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோ.

மொதல்ல உன் மாமியார தப்பு சொல்லிடாத. அவங்க புள்ள பெத்த காலத்துல எங்களுக்கே 4 மாசத்துலருந்து 6 மாசத்துக்குள்ள ஆரம்பிக்கலாம்னு தான் சொல்லிக்குடுத்தாங்க, நானே எத்தனையோ தாய்மாருக்கு அப்படி சொல்லியிருக்கேன். 2001ல தான் உலக சுகாதார நிறுவனம் 6 மாசம் முழுக்க தாய்ப்பால் மட்டும் போதும்னு சொன்னுச்சு, அப்பறம் தான் எங்க பாடமும் மாறுச்சு. அவங்க காலத்துல சொன்னத அவங்க செஞ்சாங்க. இத அவங்ககிட்டயே சொல்லு, மனசு இறங்கிடும்.

ரெண்டாவது, நேத்து உன் பாப்பா நாக்கால தள்ளுனா பாரு, அது பழக்கம் இல்லாததால மட்டும் இல்ல. கெட்டியா எது வாய்க்குள்ள வந்தாலும் வெளிய தள்றது அந்த வயசு கொழந்தைக்கு இயற்கையா இருக்கற காப்பு, தொண்டைல அடைக்காம இருக்கறதுக்கு. 4 மாசத்துலருந்து 6 மாசத்துக்குள்ள அது தானா கொறையும். அது போயிருக்கணும், கழுத்து ஆடாம நிக்கணும், கொஞ்சம் புடிச்சுக்கிட்டா உக்காரணும், கைல கெடைச்சத வாய்க்கு கொண்டு போகணும். இதெல்லாம் சேந்து வர்றது பெரும்பாலும் 6 மாசம் கிட்ட தான். தட்ட பாக்கறது மட்டும் அடையாளம் இல்லம்மா, அந்த வயசுல கொழந்த ஃபேன கூட அப்படி தான் பாக்கும்.

6 மாசம் முடிஞ்சதும் ஆரம்பிக்கறப்ப எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு, அத சொல்லணும்னு தான் முக்கியமா எழுதுறேன். தண்ணியா குடுக்கறது. பருப்புத்தண்ணி, கஞ்சித்தண்ணி, சூப்பு. கொழந்த வயிறு சின்னது, அத வெறும் தண்ணிய வெச்சு ரொப்பிட்டா சத்து எங்க போகும்? நான் தாய்மாருக்கு காட்டற முறை இது தான், ஸ்பூன்ல எடுத்து சாய்ச்சு பாரு, உடனே ஓடி வழிஞ்சா அது பத்தாது, ஸ்பூன்லயே நின்னு மெதுவா நழுவணும். பருப்புத்தண்ணிய விட்டுட்டு பருப்பையே மசி.

கேழ்வரகு பால் செய்யறதுன்னா ராத்திரி ஊற வெச்சு, காலைல அம்மியோ மிக்ஸியோ நல்லா அரைச்சு, வெள்ளைத் துணில வடிகட்டி, அடுப்ப சிம்ல வெச்சு கை விடாம கிண்டு. மொதல்ல தண்ணியா இருக்கும், திடீர்னு ஒரு நிமிஷத்துல கெட்டியாகி பளபளன்னு வரும், பச்சை வாசன போகும், அப்ப ஒரு சொட்டு நெய் விட்டு எறக்கு. ஊற வெச்சத முளைகட்டி அரைச்சா இன்னும் நல்லது, அதுல இருக்கற இரும்புச்சத்து உடம்புல கொஞ்சம் கூடுதலா சேரும். மொதல்ல ரெண்டு மூணு ஸ்பூன், ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, போகப் போக அரை கப் வரைக்கும். தாய்ப்பால நிறுத்தவே கூடாது, சாப்பாடு அது கூட தான், அதுக்கு பதிலா இல்ல. 1 வயசு வரைக்கும் உப்பு, சர்க்கரை வேண்டாம். தேன் நாக்குல தடவறேன்னு யாராவது வந்தா கண்டிப்பா தடுத்துடு, 1 வயசுக்குள்ள தேன் ஆபத்து. மாட்டுப்பால் குடிக்கறதுக்குன்னு குடுக்கறதும் 1 வயசுக்கு அப்பறம் தான்.

பக்கத்து அங்கன்வாடில பேர பதிஞ்சு வை, 6 மாசம் முடிஞ்சதும் சத்துமாவு குடுப்பாங்க, மாசாமாசம் எடை போட்டு கார்டுல குறிப்பாங்க. அந்த கோடு மேல ஏறிக்கிட்டே இருந்தா யாரு என்ன சொன்னாலும் நீ கலங்காத.

ஐடி வேலை அம்மா (சென்னை):

உங்க கணக்க நான் போட்டு பாத்தேங்க. 26 வாரத்துல 3 போக 23 வாரம், அதாவது பாப்பாக்கு 161 நாள் ஆகறப்ப நீங்க வேலைக்கு போறீங்க. 180 நாளுக்கு நடுவுல இருக்கறது வெறும் 19 நாள், அதுலயும் ஞாயித்துக்கெழம கழிச்சா 16 நாள் தான். இந்த 16 நாளுக்காகவா ஒரு மாசம் முன்னாடியே சோறு பழக்கணும்? அதுக்கு பால எடுத்து வெச்சுட்டு போங்க. நான் ரெண்டு கொழந்தைக்கும் அப்படி தான் பண்ணேன்.

இன்னிக்கே ஆரம்பிங்க, காலைல முதல் பால் குடுத்து ஒரு மணி நேரம் கழிச்சு பம்ப் பண்ணா நல்லா வரும், கையாலயும் எடுக்கலாம். மொத நாள் 20 மில்லி வந்தா பயப்படாதீங்க, பம்ப்ல வர்றது தான் உங்ககிட்ட இருக்கற பால்னு இல்ல, பாப்பா உறிஞ்சற அளவு எந்த மெஷினும் உறிஞ்சாது. பாப்பாக்கு ஒரு நாளைக்கு 700, 800 மில்லி போகும்னு வெச்சா நீங்க இல்லாத ஒம்போது மணி நேரத்துக்கு 300 மில்லி கிட்ட வேணும். வெளிய வெச்சா 4 மணி நேரம், நம்ம ஊர் வெயிலுக்கு அதுவும் அதிகம், அதனால நேரா ஃப்ரிட்ஜ்ல வெச்சுடுங்க, கதவுல வைக்காம உள்பக்கமா, 4 நாள் தாங்கும். குடுக்கறப்ப அடுப்புல வெச்சு சூடு பண்ணாம, வெதுவெதுன்னு இருக்கற தண்ணில கிண்ணத்த வெச்சா போதும். பாட்டில் வேண்டாம், பாலாடைல (சங்கு மாதிரி மூக்கு வெச்ச சின்ன கிண்ணம்) குடுக்கலாம், அது உங்க அத்தைக்கு சொல்லியே தர வேண்டாம், அவங்க தலைமுறைக்கு கை வந்த வேலை.

ஆபீஸ்லயும் கேளுங்க, கூச்சப்படாதீங்க. கொழந்தைக்கு 15 மாசம் ஆகற வரைக்கும் வேலை நேரத்துல ரெண்டு தடவ பால் குடுக்க பிரேக் சட்டத்துலயே இருக்கு.

நாகர்கோவில்காரி:

எல்லாரும் பொறுங்க பொறுங்கன்னு சொல்லியாச்சு, நான் அந்தப் பக்கம் சொல்லணும். 6 மாசம் முடிஞ்சப்பறம் தள்ளிப் போடாதீங்க. எனக்கு தாய்ப்பால் நல்லா இருந்துச்சு, அவனும் சாப்பாடு வேண்டாம்னு மொகத்த திருப்புவான், சரி பால் தான் குடிக்கானே எதுக்கு அவசரம்னு ஒம்போது மாசம் வர ஏத்தங்காய் (நேந்திரங்காய்) பொடி காய்ச்சி ரெண்டு ஸ்பூன் குடுக்கதோட விட்டுட்டேன். பத்து மாசத்துல உள்ளங்கை எல்லாம் வெளுத்து போச்சு, எப்பவும் சிணுங்கல். ரத்தம் பாத்தா ஹீமோகுளோபின் 8.1. டாக்டர் வெளக்கமா சொன்னாவ, வயித்துல இருக்கும்போது கடைசி மாசங்கள்ல அம்மாகிட்ட இருந்து சேத்து வெச்ச இரும்புச்சத்து 6 மாசம் வாக்குல தீர ஆரம்பிச்சிரும், தாய்ப்பால்ல அது கொறவு, அப்பறம் சாப்பாட்டுல இருந்து தான் வரணும்னு. எனக்கு அது வரைக்கும் யாரும் இத சொல்லல.

அதனால கூழோட நிக்காதீங்க. ஒண்ணொண்ணா பழக்கி, கொஞ்ச நாள்லயே முட்டை நல்லா வேக வெச்சு மசிச்சு குடுங்க, முள்ளு இல்லாத மீனு, ஆட்டு ஈரல் நல்லா வேக வெச்சு மசிச்சு ஒரு ஸ்பூன். சைவம்னா பருப்பு, கீரை, அது மேல ரெண்டு சொட்டு எலுமிச்சம்பழம். முட்டையும் வேர்க்கடலையும் அலர்ஜி ஆகும்னு 1 வயசு வர ஒதுக்கி வைக்கது பழைய பேச்சு, இப்ப சீக்கிரமே குடுக்க சொல்லுகாவ. ஆனா கடலைய முழுசா குடுக்கப்பிடாது, தொண்டைல மாட்டிக்கிடும், நைசா அரைச்சு கூழ்ல கலக்கணும். ஒடம்புல கரப்பான் (தோல் அரிச்சு தடிக்கறது) அதிகமா இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டு குடுங்க. கவர்மெண்ட் நர்ஸ் 6 மாசத்துக்கு அப்பறம் இரும்புச்சத்து சிரப் தருவாவ, வாரத்துக்கு ரெண்டு தடவ 1 மில்லி, அத அலமாரில வெச்சுட்டு மறந்துராதீங்க. நான் மறந்தவ தான்.

திருப்பூர் அம்மா:

42 நாள் கழிச்சு வந்து எழுதறேன், அன்னிக்கு எல்லாருக்கும் தனித்தனியா பதில் போட முடியல, மன்னிச்சுக்கோங்க.

டீச்சரம்மா எழுதுனத அத்தைக்கு அப்படியே வாசிச்சு காட்டுனேன். 4 மாசத்துல ஆரம்பிக்கலாம்னு அப்ப சொன்னது உண்மை தான்னு ஒருத்தங்க சொன்னதும் அவங்களுக்கு மனசு லேசாயிருச்சு, "அப்ப நான் ஒண்ணும் இல்லாதத செய்யல"ன்னாங்க. பால் எடுத்து வெச்சுட்டு போனேன், மொத நாள் 240 மில்லி தான் சேந்துச்சு, போகப் போக சரியாச்சு. மூணு வாரமா அத்தை தான் பாலாடைல குடுத்தாங்க, எவ்ளோ குடிச்சான்னு பழைய காலண்டர் தாள் பின்னாடி எழுதி வெச்சிருப்பாங்க, நான் வந்ததும் காட்டுவாங்க. ராத்திரி முழிக்கறது நடுவுல ரெண்டு வாரம் அப்படியே இருந்து அப்பறம் தானா கொறைஞ்சுருச்சு.

இன்னிக்கு 182வது நாள், ஞாயித்துக்கெழம. காலைல ராகி பால் காய்ச்சுனோம், டீச்சரம்மா சொன்ன மாதிரி ஸ்பூன சாய்ச்சு பாத்தோம், நின்னுச்சு. அத்தை மடில உக்கார வெச்சு மொத வாய் அவங்க தான் குடுத்தாங்க. ஒரு நிமிஷம் வாய்ல வெச்சுட்டே எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி பாத்தா, அப்பறம் முழுங்கிட்டா, நாக்க தள்ளவே இல்ல. ஸ்பூன அவளே புடிச்சு இழுத்தா. ரெண்டு ஸ்பூனுக்கு அப்பறம் மொகத்த திருப்புனா, அத்தை "போதும்ங்கறா"ன்னு அவங்களே கிண்ணத்த கீழ வெச்சுட்டாங்க.

நாகர்கோவில் அக்கா, ஒரு சந்தேகம், முட்டை எத்தன நாள் கழிச்சு ஆரம்பிச்சீங்க, மஞ்சக்கரு மட்டுமா முழுசாவா?

நாகர்கோவில்காரி:

சின்னவளுக்கு 6 மாசம் முடிஞ்சு கூழ் ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துல முட்டை ஆரம்பிச்சேன் மக்ளே. மொத நாள் ஒரு ஸ்பூன் நுனி அளவு, காலைல குடுங்க, ராத்திரி வேண்டாம், ஒடம்புல தடிப்பு கிடிப்பு வருதான்னு பகல்ல பாக்கலாம்லா. ரெண்டு மூணு நாள் ஒண்ணும் வரலன்னா கூட்டிக்கிடுங்க. வெள்ளைக்கரு மஞ்சக்கரு ரெண்டும் தான், நல்லா வெந்திருக்கணும்.