நம்ம வீடு குழு: கரோனி சதுப்பில் ஒரு சாயங்காலம்

சித்தப்பா: எல்லோரும் எழுந்தாச்சா? இங்கே கரீபியன் பக்கம் டிரினிடாட் தீவில் ராத்திரி ஒன்பதரை. கரோனி சதுப்புக்குப் போய்விட்டு இப்போதுதான் அறைக்கு வந்தேன். படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

பாட்டி: சாப்பிட்டியா ராசா? மரம் முழுக்கச் செம்பருத்தி பூத்த மாதிரி இருக்கே, என்ன மரம் அது?

சித்தப்பா: சாப்பிட்டேன் அம்மா. அது பூ இல்லை, பறவை! சிவப்பு அரிவாள்மூக்கன். இந்த நாட்டின் தேசியப் பறவைகளில் ஒன்று.

அம்மா: படத்தில் நிறத்தைக் கூட்டினீங்களா தம்பி?

சித்தப்பா: இல்லவே இல்லை அண்ணி. எல்லாம் அது தின்கிற தீனியால் வந்த நிறம். சேற்றில் நண்டும் இறாலும் பொறுக்கித் தின்னும். அதிலுள்ள நிறச்சத்து இறகில் ஏறிவிடும். குஞ்சாக இருக்கும்போது வெறும் சாம்பல் பழுப்புதான்.

நான்: அப்போ நண்டு கிடைக்காவிட்டால்?

சித்தப்பா: வெளுத்துவிடும்மா. இந்தச் சேறு கெட்டால் அந்தச் சிவப்பும் போச்சு.

அண்ணன்: ஆறு எங்கே சித்தப்பா? வெறும் காடாகத் தெரிகிறது.

சித்தப்பா: வடக்கு மலைத்தொடரின் தெற்குச் சரிவுத் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு கரோனி ஆறு மேற்கே வந்து பாரியா வளைகுடாவில் விழுகிறது. நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கிற இடத்தில்தான் இந்தக் கண்டல் காடு. 2005-இல் உலக முக்கியத்துவம் உள்ள சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். வேர்கள் விற்போல் வளைந்து தண்ணீரில் இறங்குகின்றன, அவற்றில் கொத்துக் கொத்தாகச் சிப்பி. தலைக்கு மேல் கிளையில், நம்ம மலைப்பாம்பு மாதிரி, ஒரு போவா பாம்பு சுருண்டு தூங்கியது.

அம்மா: ஐயோ!

சித்தப்பா: அது அசையவே இல்லை அண்ணி. அப்புறம் ஒரு மீன் பார்த்தேன். கண்ணை மட்டும் வெளியே நீட்டி நீந்துகிறது. ஒவ்வொரு கண்ணும் இரண்டு பாகம். மேல்பாதி வெளியே பார்க்கும், கீழ்ப்பாதி தண்ணீருக்குள் பார்க்கும்.

நான்: நாலு கண்ணா!

சித்தப்பா: நாலுகண் மீன் என்றேதான் சொல்கிறார்கள். வெயில் தாழ்ந்ததும் படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார். முதலில் ஐந்தாறு பறவை. பிறகு கூட்டம் கூட்டமாக. பச்சைத் திட்டு கண்ணெதிரே சிவந்தது. கொஞ்ச நேரம் யாருக்கும் பேச்சே வரவில்லை.

அண்ணன்: வேட்டையாட மாட்டார்களா?

சித்தப்பா: கறிக்காகச் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதுதான் மனசு ஆறவில்லை. 2018-இல் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். பிடிபட்டால் ஒரு லட்சம் டிரினிடாட் டாலர் வரை அபராதம், இரண்டு வருஷம் வரை சிறை. வேண்டியதுதான்.

பாட்டி: வீடியோ இருந்தா போடு ராசா, அதுங்க குரலைக் கேக்கணும்.

சித்தப்பா: பெரிதாகக் கத்தவில்லை அம்மா, இறகடிக்கிற சத்தம்தான். இதோ அனுப்புகிறேன்.