தாம்பூலப் பையில் மரம் வரைந்துவிட்டால் அது இயற்கைக்கு உகந்ததாகிவிடுமா?

பொருநைக்கரை:

பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்து வெளியே வரும்போது பச்சை நிறத்தில் தாம்பூலப் பை கொடுத்தார்கள். முன்பக்கம் பெரிய மரம், அதன் கீழே “இயற்கைக்கு உகந்த பை” என்று எழுத்து. உள்ளே தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு மூங்கில் பிரஷ், நட்டால் முளைக்கும் என்று ஒரு விதைப் பேனா. பிரஷும் பேனாவும் தனித்தனி பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன.

பை தொட்டால் துணி போலத்தான் இருந்தது. ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி விளக்குத் தீயில் காட்டினேன். பருத்தி என்றால் எரிந்து சாம்பலாகி, விரலில் தேய்த்தால் உதிரும். இது எரிவதற்கு முன்பே சுருண்டு உருகியது. ஆறியதும் கருப்பு மணியாக இறுகிவிட்டது. பாலிப்ரொப்பிலீன், அதாவது அசல் பிளாஸ்டிக். நூல் நூற்காமல், நெய்யாமல், இழைகளைச் சூட்டில் அழுத்தி ஒட்டிய தாள். பிரஷின் கைப்பிடி மூங்கில்தான், முட்கள் நைலான். பேனாவின் உடல் காகிதம், உள்ளே இருக்கும் ரீஃபில் பிளாஸ்டிக். விதை முளைத்தாலும் அந்த ரீஃபில் மண்ணில் அப்படியே கிடக்கும்.

வெறும் தேங்காயும் வெற்றிலையும் கொடுத்திருந்தால் குப்பையே இல்லை. நல்லது செய்கிறோம் என்று நம்பிக் காசைக் கூடுதலாகக் கொடுத்து, அந்தக் கல்யாண வீட்டார் இத்தனை பிளாஸ்டிக்கை வாங்கியிருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த மரத்தை அச்சடித்தவர்மேல்தான் கோபம்.

ரதவீதி வியாபாரி:

தங்கச்சி, நீங்கள் சொல்லும் பையை நானும் கடையில் வைத்திருக்கிறேன், அதனால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாநிலத்தில் தடை வந்தது. கேரி பேக்கை எடுத்துவிட்டோம். வாடிக்கையாளர் கைவீசிக்கொண்டு வருவதை எந்த அரசாணையும் நிறுத்தவில்லை. ஒரு கிலோ அல்வா, அரைக் கிலோ மிக்சர், இரண்டு பாக்கெட் முறுக்கு வாங்குகிறவர் எதில் கொண்டு போவார்? காகிதப் பை நெய் பட்டால் அடி விட்டுவிடும். பருத்திப் பை கொடுத்தால் என் லாபம் அதில் போய்விடும். நீங்கள் சொன்ன இந்த நெய்யாத பை, நாங்கள் நான்-ஓவன் என்போம், தாங்குகிறது, மழைக்கு நிற்கிறது, வீட்டில் நாலைந்து தடவை பயன்படுத்துகிறார்கள். பழைய மெல்லிய கேரி பேக்கைவிட இது மேல் என்பதை நீங்கள் ஏற்க வேண்டும்.

சட்டத்தையும் முழுதாகச் சொல்லுங்கள். மத்திய விதிப்படி 60 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 60 கிராம் எடை) குறையாத நான்-ஓவன் பைக்கு அனுமதி உண்டு. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பைக்கான மாநிலத் தடையை மறுபடி பரிசீலிக்கும்படி மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம்தான் சொன்னது.

பாளை வேதியியல் ஆசிரியை:

அண்ணாச்சி, அதே தீர்ப்பில் காகிதக் கோப்பைக்கான தடையை நீதிமன்றம் உறுதிசெய்தது. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டீக்கடைகளில் இன்றும் அந்தக் கோப்பைதான் ஓடுகிறது. “காகிதம்தானே, மக்கிவிடும்” என்று எல்லோரும் நம்புவதுதான் காரணம்.

வகுப்பில் நான் செய்து காட்டுவது இது. கோப்பையை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறப் போட வேண்டும். காலையில் வெளிக் காகிதம் கூழாகிவிடும். அதை வழித்து எடுத்தால், உள்ளேயிருந்து கோப்பையின் வடிவத்திலேயே கண்ணாடி போன்ற ஏடு ஒன்று கையில் வரும். டீ ஒழுகாமல் காப்பது அந்த ஏடுதான். பாலித்தீன். காகிதமும் அதுவும் ஒட்டிக் கிடப்பதால் பழைய காகிதக் கடைக்காரரும் எடுக்க மாட்டார், பிளாஸ்டிக் எடுப்பவரும் எடுக்க மாட்டார்.

கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020-இல் இதைச் சோதித்தார்கள். 100 மில்லி சூடான திரவம் கோப்பையில் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றன. கண்ணாடி கிளாஸைக் கழுவி டீ கொடுத்த கடைகள் ஜங்ஷனைச் சுற்றி எத்தனை இருந்தன! சுத்தம், சுகாதாரம் என்று சொல்லி அந்தக் கிளாஸை ஒழித்தோம்.

மக்கும்பை முகவர்:

பாலிப்ரொப்பிலீனை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் எல்லாப் பையையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். நான் விற்பது மக்கும் பை. சோள மாவுச்சத்தைச் சேர்த்துச் செய்தது. மக்கும் பிளாஸ்டிக்குக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 17088-க்குச் சோதிக்கப்பட்டு, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் பெற்றுத்தான் விற்பனைக்கு வருகிறது. பையிலேயே சான்றிதழ் எண் இருக்கும். இதற்குப் பின்னால் ஆய்வு இருக்கிறது.

துணிப்பை பற்றியும் ஒரு கணக்கு உண்டு. 2018-இல் டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு சாதாரணப் பருத்திப் பை மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு எல்லா வகையிலும் ஈடாக வேண்டுமானால் அதை 7,100 தடவை பயன்படுத்த வேண்டும். இயற்கை வேளாண் பருத்தி என்றால் 20,000 தடவை. பருத்திக்குத் தண்ணீர் வேண்டும், உரம் வேண்டும், பூச்சிமருந்து வேண்டும். மஞ்சப்பையைக் கையில் எடுத்தாலே பூமியைக் காப்பாற்றிவிட்டோம் என்பதும் ஒரு விளம்பரம்தான். கல்யாணத்துக்குக் கல்யாணம் அச்சடித்த மஞ்சப்பை வாங்கி வந்து, இன்று எத்தனை வீட்டு அலமாரியில் மடித்தபடி கிடக்கிறது என்று பாருங்கள்.

பாளை வேதியியல் ஆசிரியை:

கடைசியில் சொன்னது உண்மை. பயன்படுத்தாத மஞ்சப்பையும் வீண்தான். ஆனால் அந்த டென்மார்க் கணக்கை இங்கே அப்படியே இறக்க முடியாது. அந்த 7,100, எல்லா அளவுகோல்களிலும் மிக மோசமானதை வைத்து வந்தது. ஓசோன் படலத்தின் மீதான பாதிப்பு அது. பருவநிலை பாதிப்பை மட்டும் பார்த்தால் அதே ஆய்வு சொல்லும் எண் 52. 52 தடவை காய்கறிக்குப் போய்வர ஒரு பைக்கு ஒரு வருடம் போதும். தெருவில், வாய்க்காலில், ஆற்றில் வீசப்படும் குப்பையின் கேட்டை அந்த ஆய்வு கணக்கில் எடுக்கவே இல்லை. அங்கே குப்பையை எரித்து மின்சாரமும் வெப்பமும் எடுக்கிறார்கள். இங்கே பை தாமிரபரணியில் போய்ச் சேருகிறது. கணக்கில் ஆற்றையே விட்டுவிட்டு, பிளாஸ்டிக் பை ஜெயித்தது என்று நம் ஊரில் எப்படிச் சொல்வீர்கள்?

அம்மாவின் பழைய சேலையில் தைத்த பைக்குப் புதிதாகப் பருத்தி விளைவிக்கவும் வேண்டியதில்லை.

பொருநைக்கரை:

முகவர் தம்பி, உங்கள் சான்றிதழை நான் சந்தேகப்படவில்லை. அது எதற்கான சான்றிதழ் என்பதுதான் என் கேள்வி. ஐஎஸ்ஓ 17088 சோதனை, கட்டுப்படுத்திய உரக்கூடச் சூழலில், சுமார் 58 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நடப்பது. அந்தச் சூட்டில், ஈரத்தில், காற்றோட்டத்தில் 180 நாளுக்குள் 90 சதவீதம் சிதைய வேண்டும் என்பது விதி. நெல்லை வெயிலில் தார்ச்சாலை வேண்டுமானால் கொதிக்கும். குப்பைத் தொட்டிக்கு அடியில், சாக்கடையில், ஆற்று மணலில் அந்தச் சூழல் கிடைக்குமா?

இந்தப் பை கடைசியில் போகிற இடம் ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்கு. அந்தக் கிடங்கு தீப்பிடிப்பதும் புகை சுற்றுவட்டார வீடுகளுக்குள் வருவதும் நாம் திரும்பத் திரும்ப செய்தியில் பார்ப்பது. மக்கும் பையும் சாதாரணப் பையும் அங்கே ஒன்றாகத்தான் குவிகின்றன, ஒன்றாகத்தான் எரிகின்றன. தரம் பிரிக்கும் தூய்மைப் பணியாளர் கையில் இரண்டும் ஒரே மாதிரி வழுக்கும் பைகள். காய்கறிக் கழிவோடு அதை விட்டுவைக்க அவருக்குத் துணிச்சல் வராது, எடுத்து எறிந்துவிடுவார். பழைய பிளாஸ்டிக்கோடு கலந்தால் மறுசுழற்சியும் கெடும்.

உங்கள் பை ஆய்வுக்கூடத்தில் மக்கும். இந்த ஊரில் மக்க அதற்கு இடம் இல்லை. “மக்கும்” என்ற சொல்லைப் படிப்பவர் வாய்க்காலில் வீசினாலும் கரைந்துவிடும் என்று புரிந்துகொள்கிறார். குற்ற உணர்வே இல்லாமல் வீச வைக்கிறது அந்தச் சொல். அது செய்கிற கேடு இதுதான்.

ஓலைக்கொட்டான்:

நான் உடன்குடிப் பக்கம். எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து ஓலைப்பெட்டி முடைகிறோம். இவ்வளவு நேரமாக எல்லோரும் புதிதாக என்ன வாங்கலாம் என்றே பேசுகிறீர்கள். நான் வேறு ஒன்று சொல்கிறேன்.

குருத்தோலையை வெட்டி வெயிலில் காயவைத்து, ஈர்க்கைக் கிழித்து நீக்கி, ஓலையைச் சீராக வார்ந்து, முடையும் முன் தண்ணீரில் நனைக்க வேண்டும். நனைக்காவிட்டால் மடிக்கும் இடத்தில் ஒடியும். அதிகம் நனைத்தால் பூஞ்சை பிடிக்கும். கருப்பட்டியும் சில்லுக்கருப்பட்டியும் இந்தப் பெட்டியில்தான் ஊர் ஊராகப் போயின. பெட்டி கிழிந்தால் அடுப்புக்குப் போகும், இல்லையென்றால் குப்பைக்குழியில் உரமாகும். அதற்கு யாரும் சான்றிதழ் கேட்டதில்லை.

இப்போது வெளியூரிலிருந்து அன்பளிப்புப் பொருள் விற்கிறவர்கள் வருகிறார்கள். பெட்டிக்குப் பளபளப்பான சாயம் வேண்டும், வார்னிஷ் வேண்டும், உள்ளே எண்ணெய் இறங்காமல் பிளாஸ்டிக் தாள் ஒட்ட வேண்டும் என்கிறார்கள். பிறகு அதையே நெகிழிப் பையில் போட்டு மூடி, “பாரம்பரியம், இயற்கை” என்று எழுதி எங்களுக்குக் கொடுத்ததைப்போலப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். எங்கள் பெட்டியை எங்கள் கையாலேயே கெடுக்கச் சொல்கிறார்கள். கூலி வேண்டுமே என்று சில வீடுகளில் செய்தும் கொடுக்கிறார்கள். எனக்கு மனம் ஆறவில்லை.

ரதவீதி வியாபாரி:

ஓலைப்பெட்டிமேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தொழிலைச் சொல்கிறேன். திருநெல்வேலி அல்வா என்றால் நெய் வழிய வேண்டும். சுடச்சுட ஓலைப்பெட்டியில் போட்டால் பின்னல் வழியாக நெய் இறங்கி, சென்னைக்கு ரயிலில் போகிறவர் பெட்டிக்குள் இருக்கும் உடுப்பெல்லாம் பாழாகும். அவர் என்னைத்தான் திட்டுவார். சீசன் நாளில் கூட்டம் கடை வாசலைத் தாண்டி நிற்கும்போது எத்தனை பெட்டி கிடைக்கும், யார் முடைந்து தருவார்கள்?

ஓலைக்கொட்டான்:

அண்ணாச்சி, சுடச்சுட ரயிலுக்குப் போகிற அல்வாவை ஓலையில் கட்டுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். உள்ளூர்க்காரர் நின்று தின்பதற்குத் துண்டு வாழையிலை போதும். வீட்டுக்குக் கொண்டு போகிறவர் டப்பா கொண்டு வரட்டும். மிக்சர், காராச்சேவு, கருப்பட்டி மிட்டாய் போன்றவற்றுக்கு ஓலைப்பெட்டி தாராளமாகத் தாங்கும். ஆறு மாதம் முன்னால் சொல்லிவைத்தால் தெருவே உட்கார்ந்து முடையும். இன்று கேட்டு நாளைக்கு வேண்டும் என்றால்தான் முடியாது.

பொருநைக்கரை:

அண்ணாச்சி விற்கும் பையை நாளைக்கே நிறுத்துங்கள் என்று நானும் கேட்கவில்லை. அதில் இருக்கும் மரத்தையும் எழுத்தையும் எடுத்துவிட்டு, “பாலிப்ரொப்பிலீன் பை, கழுவித் திரும்பப் பயன்படுத்தவும்” என்று அச்சடித்தவரிடம் வாங்குங்கள் என்கிறேன். இதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பசுமைப் பூச்சு விளம்பரங்களுக்கு, அதாவது பொருளை இயற்கைக்கு நல்லது என்று பொய்யாகக் காட்டும் விளம்பரங்களுக்கு, எதிராக வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. “பசுமை”, “சூழலுக்கு உகந்தது” என்று பொத்தாம்பொதுவாக எழுதக் கூடாது. எந்தப் பகுதிக்கு அது பொருந்தும், எந்த ஆதாரத்தில் சொல்கிறார்கள் என்பதை வாங்குபவருக்குத் தெரியும்படி காட்ட வேண்டும். கைப்பிடி மட்டும் மூங்கில் என்றால் கைப்பிடி மட்டும் மூங்கில் என்றே சொல்ல வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏமாற்றும் விளம்பரத்துக்கு அந்த ஆணையம் உற்பத்தியாளருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அந்தத் தாம்பூலப் பையையும் பிரஷ் உறையையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன், அனுப்பப் போகிறேன்.

மக்கும்பை முகவர்:

புகாரை நான் வரவேற்கிறேன். போலிச் சான்றிதழ் எண் போட்டு விற்பவர்களால் எங்கள் பெயரும் கெடுகிறது. ஆனால் இறைச்சி, மீன், இட்லி மாவு இவற்றுக்கு என்ன வழி? ஓலையும் துணியும் ஆகாது.

பாளை வேதியியல் ஆசிரியை:

மாவுக்கும் மீனுக்கும் தூக்குவாளி. குற்றாலம் பக்கம் இறைச்சியைத் தேக்கிலையில் கட்டிக் கொடுத்த காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை. மேலப்பாளையம் சந்தைக்குப் பாத்திரத்தோடு போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கடைக்காரர் எடை போடும் முன் பாத்திரத்தின் எடையைக் கழித்தால் போதும். அதைச் செய்யச் சலிக்காத கடையாகப் பார்த்து வாங்குங்கள்.

பொருநைக்கரை:

முகவர் தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் பையில் சான்றிதழ் எண்ணுக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், “தொழில்முறை உரக்கூடத்தில் மட்டும் மக்கும், ஆற்றிலோ மண்ணிலோ போடாதீர்கள்” என்று தமிழில் அச்சடிக்க உங்கள் உற்பத்தியாளர் சம்மதிப்பாரா?

மக்கும்பை முகவர்:

கேட்டுச் சொல்கிறேன். சம்மதிப்பார் என்று இப்போது வாக்குக் கொடுக்க முடியாது. அப்படி அச்சடித்தால் மற்ற நிறுவனத்தின் பை பக்கத்தில் எழுத்தில்லாமல் இருக்கும், கடைக்காரர் அதைத்தான் எடுப்பார். எல்லோருக்கும் சேர்த்து மாநகராட்சி கட்டாயமாக்கினால் நாளைக்கே செய்வோம்.

ரதவீதி வியாபாரி:

அப்படி எழுதின பை வந்தால் நான் முதலில் எடுக்கிறேன். ஓலைக்கொட்டான், தீபாவளிக்கு மிக்சருக்கும் காராச்சேவுக்கும் அரைக் கிலோ பெட்டி, சாயமும் வார்னிஷும் இல்லாமல், எத்தனை முடியும் என்று விலையோடு எழுதுங்கள். இப்போதே சொல்லிவைத்துவிடுகிறேன்.