முகம் தெரிகிறது, குரல் கேட்கிறது, எதிர்முனை ஸ்லைடு மட்டும் வரவில்லை (எச்.323 + ஃபயர்வால்)

செமினார்ஹால்_சாவி:
வணக்கம். எங்கள் கல்லூரி செமினார் ஹாலில் பாலிகாம் குரூப் 500 என்ற வீடியோ அழைப்புப் பெட்டி வைத்திருக்கிறோம். வாரம் ஒருமுறை இன்னொரு கல்லூரியோடு எச்.323 (வீடியோ அழைப்புக்கான நெறிமுறை) அழைப்பில் சேர்ந்து வகுப்பு நடக்கும். போன மாதம் ஃபயர்வால் (நெட்வொர்க்கில் வருவதையும் போவதையும் வடிகட்டும்) பெட்டியை மாற்றினார்கள், விதிகளைத் திரும்ப எழுதியது நான்தான். அன்று பிடித்தது இந்தத் தொல்லை.

அழைப்பு உடனே சேர்கிறது. இரண்டு பக்கமும் முகம், குரல் எல்லாம் சுத்தம். நாங்கள் ஸ்லைடு காட்டினால் அவர்களுக்குத் தெரிகிறது. அவர்கள் காட்டினால்தான் சிக்கல்: எங்கள் இரண்டாவது திரை ஏதோ வரப்போவதுபோல மாறி, கறுப்பாகவே நின்றுவிடுகிறது. போன வாரம் அங்கிருந்த பேராசிரியர் பொறுமையிழந்து, கேமராவைப் புரொஜக்டர் திரைப் பக்கம் திருப்பிப் பாடம் எடுத்தார். சர்க்யூட் படத்தில் ரெசிஸ்டர் எது, ஒயர் எது என்று பசங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

பாலிகாம் பெட்டியை ரீஸ்டார்ட் செய்தாகிவிட்டது. அழைப்பு வேகத்தை 1920 கேபிபிஎஸ்ஸிலிருந்து 768க்குக் குறைத்தும் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது.

கேபிள்_டப்பா:
அவர்கள் லேப்டாப்பில் எச்டிசிபி (படத்தை நகலெடுக்கவிடாத) பூட்டு இருந்தால் இப்படிக் கறுப்பாக வரும். வேறு லேப்டாப் மாட்டச் சொல்லுங்கள்.

செமினார்ஹால்_சாவி:
கேட்டுவிட்டேன். அதே லேப்டாப்பில் வேறொரு ஊருக்குக் காட்டினால் நன்றாகப் போகிறதாம். ஆகவே கோளாறு நம்ம பக்கம்தான்.

பழைய_எம்சியு:
சார், திரை மாறுகிறது என்று சொன்னீர்களே, அதுதான் துப்பு. "இப்போது நான் ஸ்லைடு காட்டப்போகிறேன்" என்ற பேச்சுவார்த்தை எச்.239 வழியாக நடக்கும். அது எச்.245 கட்டுப்பாட்டுத் தடத்தில், டிசிபியில் (வந்து சேர்ந்ததை உறுதிசெய்துகொண்டு அனுப்பும் முறை) போகிறது. அது உங்களிடம் வந்து சேர்வதால்தான் பெட்டி திரையைத் தயார் செய்கிறது. ஆனால் ஸ்லைடின் படம் தனி ஓடை, அதற்குத் தனி யுடிபி (உறுதிக்குக் காத்திராமல் அனுப்பும் முறை) போர்ட், அதாவது எண்ணிட்ட வாசல், வேண்டும். வெளியிலிருந்து உள்ளே வரும் விதிகளை அப்படியே இங்கே போடுங்கள்.

செமினார்ஹால்_சாவி:
டிசிபி 1720
டிசிபி 3230–3235
யுடிபி 3230–3235

உள்ளிருந்து வெளியே போவதற்கு எல்லாம் அனுமதி.

பழைய_எம்சியு:
மாட்டிக்கொண்டது. டிசிபி வரியை நகலெடுத்து, முன்னால் யுடிபி என்று மட்டும் மாற்றியிருக்கிறீர்கள், இல்லையா? நானும் ஒருகாலத்தில் இதையே செய்து, ஒரு மதியம் முழுக்கக் கேபிளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஓர் அழைப்புக்கு 2 டிசிபி, 8 யுடிபி என்பது கணக்கு. குரலுக்கு 2, முகப் படத்துக்கு 2, எதிர்முனைக் கேமராவைத் திருப்புவதற்கு 2, ஸ்லைடுக்கு 2. ஏன் இரண்டிரண்டு என்றால், இரட்டைப்படை எண்ணில் ஆர்டிபி சரக்கு (ஓடையின் தரவு) வரும், அடுத்த ஒற்றைப்படை எண்ணில் அதன் ஆர்டிசிபி கணக்கு (எவ்வளவு வந்தது, தொலைந்தது என்ற அறிக்கை) வரும். நீங்கள் திறந்தது ஆறு. கடைசியாகத் திறக்கும் ஓடை வெளியே நிற்கிறது. ஸ்லைடு, அழைப்பு நடுவில்தான் திறக்கும் என்பதால் பெரும்பாலும் அதுவே கடைசி. அவர்கள் ஸ்லைடு போடும் நேரத்தில் ஃபயர்வாலின் டிராப் லாகை (தடுத்தவற்றின் பதிவேடு) பாருங்கள், 3236 என்று வரிசையாக விழும் என்பது என் ஊகம்.

நீங்கள் காட்டும்போது பாக்கெட் வெளியே போகிறது. அங்கே தடை இல்லாததால் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அவசர_அண்ணன்:
இவ்வளவு கணக்கு எதற்கு? 1024 முதல் 65535 வரை யுடிபியைத் திறந்துவிட்டால் முடிந்தது.

பழைய_எம்சியு:
வாசல் பூட்டு சிக்குகிறது என்று கதவையே கழற்றி வைக்கச் சொல்கிறீர்கள். வேண்டாம் அண்ணா. 1720 திறந்திருந்தாலே, முகம் தெரியாத யார் யாரோ நடுராத்திரியில் செமினார் ஹாலுக்கு அழைப்பார்கள். எதிர்க்கல்லூரியின் பொது ஐபியிலிருந்து மட்டும் அனுமதி என்று முதலில் கட்டிப்போடுங்கள்.

செமினார்ஹால்_சாவி:
லாக் பார்த்தேன். யுடிபி 3236, பக்கம் பக்கமாக! அடுத்த மாதம் இன்னும் இரண்டு கல்லூரிகள் சேர்கின்றன, எங்கள் பெட்டியே மூன்று பேரையும் இணைக்கப்போகிறது. அதற்கும் சேர்த்து எவ்வளவு திறக்கலாம்? ஃபயர்வாலில் எச்.323 ஏஎல்ஜி என்று ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டால் தானாகப் பார்த்துக்கொள்ளாதா?

பழைய_எம்சியு:
வெளி இணைப்பு மூன்று. மூவெட்டு இருபத்துநாலு, ஆகவே யுடிபி 3230–3253. டிசிபிக்கு மூவிரண்டு ஆறு, இப்போது இருப்பதே சரியாக வருகிறது. பெட்டியின் இயல்பு எல்லை யுடிபியில் 3285 வரை நீளும், எட்டால் வகுத்தால் ஏழு இணைப்பு. மல்டிபாயின்ட் (பல இடங்களை ஒரே அழைப்பில் இணைக்கும்) லைசென்ஸ் இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

ஏஎல்ஜி எச்.245 பேச்சை ஒட்டுக்கேட்டு, சொல்லப்படும் போர்ட்டை அந்த நேரத்துக்குத் திறக்கும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் நல்ல ஏற்பாடுதான். ஆனால் நடுவில் சேரும் இரண்டாவது பட ஓடையைக் கவனிக்காமல் விடும் ஏஎல்ஜியை நான் பார்த்திருக்கிறேன், அப்போது இதே கறுப்புத் திரைதான். அதை அணைத்துவிட்டு, பெட்டியில் நிலையான போர்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து, பொது ஐபியையும் நாட் (உள் ஐபியைப் பொது ஐபியாக மாற்றும்) அமைப்பில் பெட்டிக்கே சொல்லிவிடுவது என் வழக்கம். பெட்டியில் இருக்கும் எல்லையும் ஃபயர்வாலில் இருக்கும் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

செமினார்ஹால்_சாவி:
3253 வரை திறந்து, ஏஎல்ஜியை அணைத்து, மூன்று ஐபிகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். சாயங்காலம் சோதனை அழைப்பு. பேராசிரியர் முதலில் போட்டது அதே சர்க்யூட் படம்தான். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் "4.7 கிலோ ஓம் சார்" என்று வாசித்தான். லைசென்ஸ் மட்டும் பாக்கி, நாளைக்குப் பார்க்கிறேன்.