8 பிட், நொடிக்கு 4 கோடி சாம்பிள், 2 மில்லிவாட் ஏடிசி: 130 நானோமீட்டரில் முடியுமா?

கேத்தி_மின்மினி:
வணக்கம். எம்.இ. ப்ராஜெக்ட்டுக்கு, சூரியனின் 327 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையைப் பிடிக்கும் சின்ன ரிசீவர் ஒன்று செய்கிறேன். ஊட்டி முத்தொரையில் மலைச்சரிவில் கிடக்கும் 530 மீட்டர் தொலைநோக்கியைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. அதிர்வெண்ணைக் கீழே இறக்கும் மிக்ஸருக்குப் பின் 16 மெகாஹெர்ட்ஸ் அகலம் மட்டும் எடுக்கிறேன். அந்த சிக்னலை எண்ணாக்கும் ஏடிசியை ஸ்கைவாட்டர் நிறுவனத்தின் 130 நானோமீட்டர் சிப் தயாரிப்பு முறையில் நானே வடிவமைக்க வேண்டும். எல்லா அளவோடும் ஒரே நேரத்தில் ஒப்பிடும் ஃப்ளாஷ் வகை போட்டால் 255 கம்பாரேட்டர் (ஒப்பிடும் சுற்று), சிமுலேஷனில் 30 மில்லிவாட்டைத் தாண்டுகிறது. கைடு 2 மில்லிவாட்டுக்குள் கேட்கிறார். பேட்டரி சோலாரில் சார்ஜ் ஆக வேண்டும். ஜூலையில் கேத்தியில் வெயிலுக்கு எங்கே போவது?

அருவங்காடு_தாத்தா:
ஏம்மா, முதலில் 8 பிட் எதற்கு என்று சொல். சூரியன் அனுப்புவதே இரைச்சல்தான். ரேடியோ வானியலில் வெறும் ஒரு பிட், அதாவது பிளஸ்ஸா மைனஸா என்பதை மட்டும் வைத்தே ரொம்ப நாள் ஓட்டினார்கள். அதில் உணர்திறன் சுமார் 64 சதவீதம் மிஞ்சும், 2 பிட்டில் 88. மீதி பிட்டெல்லாம் உன் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் டவருக்காக. பலமான குறுக்கீடு வந்தால் 2 பிட் முட்டி நின்றுவிடும். அதனால் 8 இருக்கட்டும், ஃப்ளாஷைத் தூக்கிப் போடு.

எஸ்.ஏ.ஆர். போடு, அதாவது கப்பாசிட்டர்களை மாற்றி மாற்றி, பாதி பாதியாகத் தேடி, ஒவ்வொரு பிட்டாக முடிவு செய்யும் வகை. ஒரே கம்பாரேட்டர், எட்டு முடிவு. ஒரு சாம்பிளுக்கு 25 நானோசெகண்ட். அதில் சாம்பிளைப் பிடிக்க 5 நானோசெகண்ட் போனால், ஒரு முடிவுக்கு 2.5 நானோசெகண்ட் வீதம் கிடைக்கும். இதற்காக 400 மெகாஹெர்ட்ஸ் க்ளாக் ஓட்டாதே, அந்தக் க்ளாக்கை எங்கும் கொண்டுபோகும் சுற்றே மின் பட்ஜெட்டைத் தின்றுவிடும். கம்பாரேட்டர் முடித்ததும் அதுவே அடுத்த படியைத் தட்டி எழுப்பட்டும். 2006-ல் இப்படி 6 பிட், நொடிக்கு 60 கோடி சாம்பிளை 5.3 மில்லிவாட்டில் காட்டினார்கள், இதே 130 நானோமீட்டரில்.

2010-ல் இன்னொன்று வந்தது. கப்பாசிட்டரை ஒரே திசையில் மட்டும் மாற்றும் முறை; ஸ்விட்சிங் ஆற்றல் 81 சதவீதம் குறைந்தது. 10 பிட், 5 கோடி சாம்பிள், 0.826 மில்லிவாட், 1.2 வோல்ட்டில். உனக்கு 1.8 வோல்ட், மின்செலவு வோல்ட்டின் வர்க்கத்தில் ஏறும், ஆகவே 2.25 மடங்கு என்று வை. அப்போதும் 2-க்குள்தான், அதுவும் 10 பிட்டுக்கு!

முத்தொரை_ரோடு:
தாத்தா சொன்னதோடு ஒன்று. ஏடிசிக்கு அளவுகோல் வோல்ட் கொடுக்கும் ரெஃபரன்ஸ் பஃபரின் கரண்டையும் கணக்கில் சேருங்கள். பேப்பர்களில் பெரும்பாலும் அது கணக்குக்கு வெளியே நிற்கும். மிக்ஸரை விட்டுவிட்டு 327-ஐ நேராக சாம்பிள் எடுக்கும் யோசனை வந்தால், ஜிட்டரை, அதாவது சாம்பிள் எடுக்கும் நேரத்தின் தடுமாற்றத்தைப் பாருங்கள்: 1 பிக்கோசெகண்டில் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் 54 டெசிபெல் இடைவெளி கிடைக்கும், 10 பிக்கோவில் 34-தான். சாம்பிள் வேகம் எதுவானாலும் உள்ளே வரும் அதிர்வெண்தான் இதைத் தீர்மானிக்கும்.

கேத்தி_மின்மினி:
நன்றி தாத்தா, நன்றி அண்ணா. மிக்ஸர் இருக்கட்டும். ஒரே திசையில் மாற்றினால் காமன் மோட், அதாவது இரண்டு உள்ளீட்டின் சராசரி வோல்ட், கீழே இறங்கிக்கொண்டே போகுமே? அப்புறம், கப்பாசிட்டர் எவ்வளவு வைப்பது?

அருவங்காடு_தாத்தா:
இறங்கும். அதற்குத்தான் கம்பாரேட்டர் உள்ளீட்டில் பிமாஸ் ஜோடி; தாழ்ந்த வோல்ட்டிலும் வேலை செய்யும் டிரான்சிஸ்டர் வகை அது. காமன் மோட் நகர நகர கம்பாரேட்டரின் ஆஃப்செட் பிழையும் நகரும், அதை மான்டே கார்லோவில் (தற்செயல் மாறுபாடுகளோடு பலமுறை ஓட்டும் சிமுலேஷனில்) பார். கப்பாசிட்டர் மொத்தம் 100 ஃபெம்டோ வைத்தாலும் வெப்ப இரைச்சல் 200 மைக்ரோவோல்ட்தான். 1 வோல்ட் வீச்சில் உன் ஒரு படி 3.9 மில்லிவோல்ட். ஆகவே இரைச்சலைப் பற்றிக் கவலை வேண்டாம், மேட்சிங் (கப்பாசிட்டர்கள் ஒன்றோடொன்று பொருந்துவது) எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு வை. கார்னர் (எல்லை நிலைகளின்) சிமுலேஷன் ஓட்டும்போது 27 டிகிரியோடு நிறுத்தாதே, ஜனவரி உறைபனிக்கு மைனஸ் 5-ம் போடு. குளிரில் த்ரெஷோல்டு (டிரான்சிஸ்டர் திறக்கும் வோல்ட்) ஏறும், பிமாஸ் சோம்பலாகிவிடப் போகிறது.