ஆன்சாக் டே விடியகாலை நிகழ்ச்சிக்கு குழந்தைய கூட்டிட்டு போலாமா? (மெல்போர்ன்)

திருச்சிக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். ஜனவரி முதல் வாரம்தான் குடும்பத்தோட இங்க வந்தோம், பையனுக்கு ஏழு வயசு. ஏப்ரல் 25 ஆன்சாக் டேக்கு விடியகாலை டான் சர்வீஸ் நடக்கும்னு ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க, அவன் போயே ஆகணும்னு நிக்கிறான். வீட்டுக்காரர், அது அவங்க போர்ல செத்தவங்களுக்கு நடத்துறது, நாம போய் நின்னா தப்பா நினைப்பாங்களோன்னு யோசிக்கிறார். எனக்கும் பயமாதான் இருக்கு, ஏன்னா ஜனவரி 27 ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவங்ககிட்ட "ஹேப்பி ஆஸ்திரேலியா டே, நேத்து எங்க நாட்டுலயும் குடியரசு தினம்"னு ஆசையா சொன்னேன், அவங்க முகம் அப்படியே வாடிப் போச்சு, ஒண்ணும் பேசல. இன்னொரு தடவை அப்படி யாரையும் நோகடிச்சிடக் கூடாது. போறதுன்னா என்ன போட்டுக்கணும், எப்படி நடந்துக்கணும்?

கிழக்கு_வாசல்:
கண்டிப்பா போங்க சிஸ்டர். பத்து வருஷமா போறேன், ஒருத்தர்கூட நீ ஏன் வந்தேன்னு ஒரு பார்வை பார்த்ததில்ல. சிட்டில ஷ்ரைன் ஆஃப் ரிமெம்பரன்ஸ்ங்கிற போர் நினைவிடத்துல ரொம்ப கூட்டமா இருக்கும், சின்னப் பையனோட போறதால உங்க ஏரியா ஆர்எஸ்எல் (முன்னாள் ராணுவத்தினர் சங்கம்) நடத்துற இடத்துக்குப் போங்க, டைம் அவங்க பக்கத்துலயே போட்டிருப்பாங்க. குளிர் நடுக்கும், ஸ்வெட்டர் மேல ஜாக்கெட் போடுங்க, நல்ல டிரஸ்ஸா இருந்தா போதும், கலர்லாம் யாரும் பாக்கமாட்டாங்க. ப்யூகிள் (ராணுவ ஊதுகுழல்) ஊதுறப்ப குல்லாவ கழட்டச் சொல்லுங்க, ஃபோன சைலண்ட்ல போட்டுடுங்க. முக்கியமா "ஹேப்பி ஆன்சாக் டே"ன்னு சொல்லாதீங்க, இது துக்க நாள், முதல் உலகப் போர்ல, 1915-ல, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து படைங்க துருக்கில இருக்குற கல்லிப்போலில இறங்குன நாள், அங்க மட்டும் எட்டாயிரம் ஆஸ்திரேலியருக்கு மேல செத்தாங்க. போன வருஷம் எனக்கு முன்னாடி ஒரு பாட்டி நின்னாங்க, கோட்டுல வலது பக்கம் மெடல் குத்தியிருந்தாங்க. தான் வாங்குன மெடல்னா இடது பக்கம், குடும்பத்துல செத்தவங்களோடதுன்னா வலது பக்கமாம். ப்யூகிள் முடிஞ்சு எல்லாரும் அமைதியா நிக்கிற நேரம் முடியுற வரைக்கும் அந்த மெடலை கையால மூடிட்டே நின்னாங்க, இன்னும் கண்ணுல நிக்குது.

அப்புறம் அன்னைக்கு மத்தியானம் 1 மணி வரைக்கும் பெரும்பாலான கடை திறக்காது, பால் முந்தின நாளே வாங்கி வச்சிடுங்க.

வடமராட்சி:
தங்கச்சி, நான் சிட்னியில இருக்கிறன், வந்து 30 வருஷமாச்சு. முதல் தரம் இங்க டான் சர்வீஸ் நடக்கிற மார்ட்டின் பிளேசுக்கு போகேக்க எனக்கும் உங்கட அவர் மாதிரித்தான் யோசனை. ஆனா அந்த ப்யூகிள் முடிஞ்சு அத்தனை சனமும் மூச்சு விடாம நிக்கேக்க எனக்கு எங்கட ஊரில செத்த ஆக்கள்தான் ஒவ்வொருத்தரா நினைவுக்கு வந்தவை, அழுதே போட்டன். பக்கத்தில நிண்ட ஒரு வெள்ளைக்காரர் ஒண்டும் கேக்காம தோளில கை வைச்சார்.

மகனுக்கு இன்னொண்டும் சொல்லுங்கோ. கல்லிப்போலியில காயப்பட்ட ஆக்களை கழுதையில ஏத்திக்கொண்டு வந்த சிம்சன் எண்ட சிப்பாயைப் பற்றி இங்க எல்லாப் பிள்ளையளும் படிக்கும். அந்தச் சிம்சன் தங்கினது இந்திய மலைப் பீரங்கிப் படையோட முகாமில. தண்ணியும் குண்டும் கோவேறு கழுதையில சுமந்து மேல கொண்டு போனதும் இந்திய ஆக்கள்தான், கனபேர் பஞ்சாப் பக்கம். அவங்கட நாள் எண்டு ஒதுங்க வேண்டிய தேவை இல்லை.

யாரா_கரை:
ஜனவரி 26 ஆஸ்திரேலியா டே பத்தி நான் சொல்றேன். 1788-ல அன்னைக்குதான் ஆர்தர் பிலிப் சிட்னி கோவ்ல பிரிட்டிஷ் கொடிய ஏத்தினார், இங்க ஆயிரக்கணக்கான வருஷமா வாழ்ந்துட்டு இருந்த பூர்வகுடி மக்களுக்கு அது நிலம் பறிபோன நாள். 1938-லயே அவங்க சிட்னில கூடி அத துக்க நாள்னு அறிவிச்சாங்க. எனக்கு குடியுரிமை கிடைச்சதும் ஒரு ஜனவரி 26-தான், அன்னைக்கு எனக்கிருந்த சந்தோஷம் பொய்யில்ல, ஆனா இந்த விஷயம் தெரிஞ்சப்புறம் அன்னைக்கு யாருக்கும் வாழ்த்து சொல்றதில்ல. நீங்க வேணும்னு சொல்லலையே, அவங்ககிட்ட "எனக்கு அப்ப தெரியாது"ன்னு நேரா போய் சொல்லிடுங்க. நவம்பர் முதல் செவ்வாய் குதிரை ரேசுக்கு லீவு வரும், அதுக்கெல்லாம் தாராளமா வாழ்த்து சொல்லலாம்.

ஆன்சாக் பிஸ்கட் வீட்லயே பண்ணுங்க, முட்டை கிடையாது, ஓட்ஸ், தேங்காத் துருவல், மைதா, சர்க்கரை, வெண்ணெய், கோல்டன் சிரப் (கெட்டியான சர்க்கரைப் பாகு). வெண்ணெயும் சிரப்பும் உருக்கி, சுடுதண்ணில கரைச்ச சோடா உப்ப ஊத்துனா பொசுபொசுன்னு நுரைச்சு வரும், என் பொண்ணு அதப் பாக்கவே ஸ்டூல் போட்டு நிப்பா. குக்கீஸ்னு மட்டும் சொல்லாதீங்க, பிஸ்கட்தான்.

திருச்சிக்காரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வடமராட்சி அண்ணா, நீங்க எழுதுனத அவர்கிட்ட படிச்சுக் காட்டினேன், ரொம்ப நேரம் பேசல, அப்புறம் அவரே அலாரம் வச்சுட்டார். ஆபீஸ்லயும் பேசிட்டேன், அவங்க பாட்டி பூர்வகுடியாம், கையப் புடிச்சுக்கிட்டாங்க. சட்டையில ரோஸ்மேரின்னு ஒரு வாசனைச் செடிக் கொத்து குத்துவாங்கன்னு பையன் சொல்றான், அது எங்க வாங்கணும்?

கிழக்கு_வாசல்:
வாங்க வேணாம் சிஸ்டர், பெரும்பாலும் அங்கேயே குடுப்பாங்க. இல்லாட்டி உங்க தெருவுலயே யார் வீட்டு வேலி ஓரமாவது செடி இருக்கும், கதவத் தட்டி கேளுங்க, ஒரு கொத்து ஒடிச்சுத் தருவாங்க.